கருவிக்குத் தங்கம் தெரியாது

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெண்டிகோ, டன்னோலி, மேரிபரோ, வெடர்பர்ன் ஆகிய ஊர்களைச் சுற்றிய வட்டாரத்தைத் ‘தங்க முக்கோணம்’ என்கிறார்கள். சனி, ஞாயிறு வந்தால் மெட்டல் டிடெக்டரும் கைப்பிக்காசுமாக அந்த யூகலிப்டஸ் காடுகளுக்குள் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். 1851-ல் தங்கம் தேடி உலகமே அங்கே திரண்டது. அன்றிலிருந்து அந்த ஒரு மாநிலம் கொடுத்த தங்கம் 2,400 டன்னுக்குக் குறையாது. ஆகவே அங்கே டிடெக்டரோடு அலைவது வெறும் கனவல்ல. இன்றும் கட்டிகள் கிடைக்கின்றன.

ஆனால் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சில் பாதி பொய். அந்தப் பொய்யை நம்பிக் கடன் வாங்கிக் கருவி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதே பொய்யைச் சொல்லி நம்மூரில் குடும்பங்களின் சேமிப்பையே சுருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: டிடெக்டர் தங்கத்தைக் கண்டுபிடிக்கும்

உண்மை: கருவிக்குத் தங்கம் என்ற ஒன்று தெரியாது. அதன் வட்டத் தட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. மின்சாரம் கடத்தும் எந்தப் பொருள் அதில் பட்டாலும் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டம் கிளம்பும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் எதிர்ப்புலத்தைத்தான் கருவி உணர்கிறது. பொருளின் அளவு, வடிவம், கடத்தும் திறன் மூன்றும் சேர்ந்து கருவி எழுப்பும் சத்தத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு சிறு தங்கக்கட்டியும், முயல் சுட்ட துப்பாக்கியின் ஈய ரவையும், பான டின்னின் வளையமும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் கேட்கும்.

‘குப்பையைத் தள்ளிவிட்டுத் தங்கத்தை மட்டும் காட்டும்’ என்று விளம்பரம் செய்யும் வசதி பல கருவிகளில் உண்டு. பெரிய ஆணியைத் தள்ளிவிட அது உதவும். ஈயத்தைத் தள்ளச் சொன்னால் சிறு தங்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும். அனுபவசாலிகள் இந்த வேலையைக் கருவியிடம் விடுவதில்லை. சத்தம் வந்த இடத்தையெல்லாம் தோண்டுகிறார்கள்.

தோண்டுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஹெட்போனில் மெல்லிய முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் அது லேசாக ஏறி இறங்கும். மேல்மண்ணைக் காலால் தள்ளி மறுபடி கேட்க வேண்டும். சத்தம் நகர்ந்துவிட்டால் மேலே கிடந்த குப்பை. அதே இடத்தில் நின்று கூடினால் தோண்டலாம். மண்ணைப் பிளாஸ்டிக் அகப்பையில் அள்ளித் தட்டின் மேல் ஆட்டிப் பார்ப்பார்கள். சத்தம் வந்தால் பாதி மண்ணைக் கையில் கொட்டி, எந்தப் பாதியில் சத்தம் என்று பார்ப்பார்கள். அப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக் கடைசியில் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண் நிற்கும். அதில் இருப்பது பெரும்பாலும் சாம்பல் நிற ஈய ரவைதான்.

நம்பிக்கை 2: விலை கூடினால் ஆழமும் கூடும்

உண்மை: ஓரளவுக்குத்தான். தட்டின் அளவைவிட ஆழமாகக் கிடக்கும் சிறு பொருளிலிருந்து திரும்பி வரும் சமிக்ஞை பயங்கர வேகத்தில் தேய்கிறது. தூரம் இரட்டித்தால் சமிக்ஞை 64-ல் ஒரு பங்காகிவிடும். புலத்தின் வலிமையை இரண்டு மடங்காக்கினாலும் ஆழம் எட்டில் ஒரு பங்குதான் கூடும். ஒரு கிராமுக்குக் குறைந்த கட்டி ஒரு சாணுக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலும் எந்தக் கருவிக்கும் கேட்காது. ‘பத்தடி ஆழம் பார்க்கும்’ என்பதெல்லாம் கார் அளவு இரும்புக்குப் பொருந்தலாம்; தங்கக்கட்டிக்குப் பொருந்தாது.

விலையுயர்ந்த கருவிகள் வேறொரு விஷயத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. தங்கம் கிடைக்கும் மண்ணில் இரும்புத் தாதுக்கள் நிறைந்திருக்கும். சாதாரணக் கருவி அந்தச் செம்மண்ணையே உலோகம் என்று எண்ணி ஓயாமல் கத்தும். அடிலெய்டைச் சேர்ந்த மைன்லேப் நிறுவனம் 1995-ல் கொண்டுவந்த எஸ்.டி. 2000 கருவி, துடிப்பு முறையில் இயங்கி அந்த மண்ணின் இரைச்சலை அடக்கியது. முன்பு தேடி முடித்த இடங்களிலேயே மறுபடி தங்கம் கிடைத்தது அதனால்தான். இன்று உயர்ரகக் கருவி பத்தாயிரம் ஆஸ்திரேலிய டாலரைத் தொடுகிறது. ஆனாலும் 2023-ல் செய்தியான, 2.6 கிலோ தங்கம் அடங்கிய 4.6 கிலோ கல்லைக் கண்டெடுத்தவர் கையில் இருந்தது நடுத்தர விலைக் கருவிதான். அவர் சரியான இடத்தில் நின்றார்.

நம்பிக்கை 3: தங்கம் இருக்கும் ஊரில் டிடெக்டர் கத்தும்

உண்மை: தங்கம் இருப்பது வேறு, கட்டியாக இருப்பது வேறு. கோலார் தங்கவயலில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தார்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குக் கிடைத்தது சில கிராம் தங்கம்தான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத துகளாக. அந்தப் பாறையை எந்த டிடெக்டரின் கீழ் வைத்தாலும் பேசாது. ஆற்று மணலில் கிடக்கும் தங்கத்தூளும் அப்படியே. அதற்கு மரவைதான் கருவி.

நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதியிலும் தங்கம் உண்டு என்பது உண்மை. விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த ராபர்ட் பிரௌ ஸ்மித் இங்கே வரவழைக்கப்பட்டு, 1880-ல் இந்தப் பகுதி அடங்கிய தென்கிழக்கு வயநாட்டுத் தங்கத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து லண்டனில் டஜன் கணக்கில் நிறுவனங்கள் முளைத்தன. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை மூழ்கின. குவார்ட்ஸ் என்னும் வெங்கச்சங்கல்லில் தங்கம் இருந்தது, செலவுக்குக் கட்டுபடியாகும் அளவில் இல்லை. விக்டோரியாவை அவ்வளவு அறிந்த மனிதரின் பெயர் பின்னால் இருந்தும், விக்டோரியாவின் மண் இங்கே வந்துவிடவில்லை. இன்றும் அந்தப் பழைய குழிகளுக்குள் திருட்டுத்தனமாக இறங்கி உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது நெஞ்சைச் சுடும் விஷயம்.

நம்பிக்கை 4: பழைய ஆட்கள் தோண்டிய இடத்தில் இனி ஒன்றுமில்லை

உண்மை: நேர் எதிர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் சூடான நீர், பாறை வெடிப்புகளில் வெங்கச்சங்கல்லோடு தங்கத்தையும் படிய வைத்தது. நிலநடுக்கத்தின்போது அந்தக் கல்லில் எழும் மின்னழுத்தம் தங்கத்தை ஓரிடத்தில் சேரச் செய்திருக்கலாம் என்று மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் சோதனை மூலம் காட்டினார்கள். மேலே இருந்த பாறை அரிக்கப்பட்டுப் போனபோது கனமான தங்கம் அதிக தூரம் போகாமல் அங்கேயே மண்ணில் இறங்கியது. எனவே கட்டி காட்டில் எங்கு வேண்டுமானாலும் கிடைக்காது; மூலப்பாறையின் அருகில்தான் கிடைக்கும். அந்த இடங்களைக் கண்டுபிடித்து அடையாளம் வைத்துவிட்டுப் போனவர்கள் பழைய ஆட்கள்தான். முனை மழுங்காத, கரடுமுரடான கட்டி கிடைத்தால் மூலம் பக்கத்தில் என்று இன்றும் கணிக்கிறார்கள்.

அவர்கள் விட்டுப் போனதும் நிறைய. தண்ணீர் பற்றாக்குறையில் அவசரமாகக் கழுவிய களிமண் உருண்டைகள் கரையாமல் குப்பைமேட்டுக்குப் போயின. அவற்றுக்குள் தங்கமும் போனது. 1869 பிப்ரவரி 5 அன்று மோலியாகுல் அருகே ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் கண்டெடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டி, மர வேர்களுக்கு நடுவே சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கிடந்தது. தங்கம் மட்டும் ஏறத்தாழ 72 கிலோ. நம் கணக்கில் 9,000 சவரன். நிறுக்கத் தராசு போதாமல் டன்னோலியில் பட்டடையில் வைத்து உடைத்தார்கள். 1980-ல் கிங்கோவரில் கெவின் ஹில்லியர் டிடெக்டரால் கண்டெடுத்த 27 கிலோ ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ கட்டியும் ஒரு அடி ஆழத்தில்தான் இருந்தது. நூறாண்டுக்கு மேல் அந்த வட்டாரத்தில் ஆட்கள் தங்கம் தேடி அலைந்திருக்கிறார்கள். ஆழம் அதை மறைக்கவில்லை. யாரும் அந்த ஓரடியைத் தோண்டவில்லை.

நம்பிக்கை 5: மின்னினால், கனத்தால் தங்கம்

உண்மை: ஆற்றங்கரையில் மின்னுவது பெரும்பாலும் காக்காப்பொன். அது வெயிலில் பளிச்சிடும், நிழலில் மங்கும். தங்கம் இரண்டிலும் ஒரே மஞ்சள். ஊசியால் குத்தினால் காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரியும், தங்கம்போல மின்னும் இன்னொரு கனிமமான பைரைட் நொறுங்கும், தங்கம் குழியும். மெருகிடாத வெள்ளைப் பீங்கானில் தேய்த்தால் பைரைட் கருமையாகக் கோடு விடும். இந்த மூன்று சோதனைகளுக்குக் காசு செலவில்லை.

கனமும் ஏமாற்றும், சில நேரம் நல்லவிதமாக. 2015-ல் மேரிபரோ காட்டில் ஒருவருக்கு டிடெக்டரில் 17 கிலோ செங்கல் நிறப் பாறை கிடைத்தது. உள்ளே தங்கம் என்று நம்பி ரம்பத்தால் அறுத்தார், துளையிட்டார், அமிலம் ஊற்றினார், சம்மட்டியால் அடித்தார், பாறை அசையவில்லை. மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் காட்டியபோது அது 460 கோடி ஆண்டு பழமையான விண்கல் என்று தெரிந்தது. விக்டோரியாவில் கிடைத்த தங்கக்கட்டிகள் ஆயிரக்கணக்கில். விண்கற்கள் இருபதுக்கும் குறைவு. புரியாத கல்லை உடைக்கும் முன் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நம்பிக்கை 6: கண்டெடுத்தவருக்கே சொந்தம்

உண்மை: சட்டம் இடத்துக்கு இடம் மாறும். விக்டோரியாவில் ‘மைனர்ஸ் ரைட்’ என்ற அனுமதி வேண்டும். சில பத்து டாலர்தான், பத்தாண்டுகள் செல்லும். இந்த எளிய உரிமைக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. உரிமக் கட்டணத்தை எதிர்த்துப் பல்லாரட்டில் தோண்டியவர்கள் 1854 டிசம்பரில் யுரேகா அரணில் நின்று உயிர்விட்டார்கள்; மறு ஆண்டே ஆண்டுக்கு ஒரு பவுண்டு என்ற இந்த உரிமை வந்தது. இன்று அது கையில் இருந்தாலும் கைக்கருவிகள் மட்டுமே பயன்படுத்தலாம். தோண்டிய குழியை மூட வேண்டும், மரஞ்செடிகளைச் சிதைக்கக் கூடாது. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் தடை. தனியார் நிலத்துக்கு உரிமையாளர் சம்மதம் தேவை. ஜா ஜா வுரங் போன்ற அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் பண்பாட்டு இடங்களைத் தொடவே கூடாது.

இந்தியாவில் அந்தச் சுதந்திரம் இல்லை. இயற்கைத் தங்கம் கனிமம்; 1957-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தேடவோ எடுக்கவோ முடியாது. புதைத்து வைத்த பொருள் என்றால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம்: பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆன்லைனில் டிடெக்டர் வாங்க முடிகிறது என்பதால் அதைக் கோயில் பக்கமோ பழைய கோட்டைப் பக்கமோ கொண்டுபோகலாம் என்று எண்ணாதீர்கள். அங்கே ஒரு குழி, படிக்கப்படாத வரலாற்றின் பக்கத்தைக் கிழிப்பதாகும்.

நம்பிக்கை 7: தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும் கருவி உண்டு

உண்மை: கிடையாது. ஆன்டெனா நீட்டி, அரை கிலோமீட்டர் தள்ளித் தங்கம் இருக்கும் திசைக்குத் திரும்பும் என்று விற்கப்படும் கருவிகள் எதுவும் வேலை செய்யாது. திரும்புவது பிடித்திருப்பவரின் மணிக்கட்டு. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை ஏ.டி.இ. 651 என்ற பெயரில் வெடிகுண்டு கண்டறியும் கருவியாக விற்றார் ஜேம்ஸ் மெக்கார்மிக். ஈராக்கின் சோதனைச் சாவடிகள் அதை நம்பியிருந்தன. 2013-ல் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. தமிழ்நாட்டில் கோபுரக் கலச இரிடியம், அரிசியை ஈர்க்கும் பாத்திரம் (ரைஸ் புல்லிங்) என்று நடக்கும் மோசடிகளும் இதே வேர்தான்: யாருக்கும் தெரியாத சக்தி, அவசரம், முன்பணம்.

அப்படிப்பட்ட கருவியை யாராவது கொண்டுவந்தால் பத்து மூடிய டப்பாக்களில் ஒன்றில் மோதிரத்தைப் போடுங்கள். எதில் என்று அறையில் இருக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. கருவி சொல்லட்டும், பலமுறை மாற்றி மாற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தப் பொழுதுபோக்கில் வருமானம் வருமா என்று கேட்கிறவர்களுக்கு நேரான பதில்: பெரும்பாலானவர்களுக்குப் பெட்ரோல் செலவே தேறாது. அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விக்டோரியாவில் இருப்பவர்கள் அனுமதி வாங்கி, ஜியோவிக் என்ற அரசு வரைபடத்தில் பழைய சுரங்கங்களைப் பார்த்து, ஒரே ஓடைச் சரிவை விடாமல் தேடட்டும். திறந்து கிடக்கும் பழைய குழிகளிலும் கோடையின் பழுப்புப் பாம்புகளிலும் கண் இருக்கட்டும். முதல் கருவியை இரவலாகவோ பழையதாகவோ வாங்கட்டும். பணத்தைக் கருவியில் போடும் முன் பொழுதை அந்த மண்ணைப் படிப்பதில் போடுங்கள். தங்கம் எடுத்தவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் போனார்கள்.