நெத்திலிக் கருவாடும் கூட்டுறவும்

வெப்பக் கடல்களில் கரையோரமாகக் கூட்டங்கூட்டமாய்த் திரியும் சிறு மீன்களுள் நெத்திலி முக்கியமானது. விரலளவேயான அதன் உடலின் பக்கத்தில் வெள்ளிப் பட்டை போன்றதொரு கோடு மின்னும். கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களே அதற்கு ஆகாரம். முள்ளோடு முழுவதும் உண்ணப்படுவதால், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் அது அளிக்கிறது.

விழுப்புரம் ஜில்லாவின் கடற்கரை மரக்காணத்தை ஒட்டியுள்ளது. அங்குள்ள குப்பங்களில் ஒரே நாளில் நெத்திலி மிகுதியாக விழுந்தால் விலை சரிந்துவிடும். வெயிலில் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும் மீனாதலின், விற்பவர் பேரம் பேசவும் இயலாது. இந்நஷ்டத்தைத் தவிர்க்கும் வழி, அதனைச் செவ்வையாக உலர்த்திக் கருவாடாக்குவதேயாம்.

பச்சை மீனில் ஏறக்குறைய 5-இல் 4 பங்கு நீர். ஆகவே 100 கிலோ மீனில் நீர் நீங்கலாக எஞ்சுவது 20 கிலோவே. நூற்றுக்கு 15 பங்கு ஈரம் நிற்குமாறு உலர்த்தினால் சுமார் 23 கிலோ கருவாடு கிடைக்கும். 40 பங்கு ஈரத்தோடு விற்றால் நிறை 33 கிலோ ஆகும். ஆனால் அக்கருவாடு விரைவில் பூஞ்சை பிடித்துப் புழுக்கும். நிறையில் கண்ட லாபம் விலையில் அழியும்.

மீனைச் சுத்தமான நீரில் அலசுதல் வேண்டும். வெறுமணலில் பரப்பலாகாது, மணலும் அழுக்கும் ஒட்டும். இடுப்பளவு உயரத்தில் கழிகளை நட்டு, அவற்றின்மேல் வலையை விரித்து மெல்லிய படலமாகப் பரப்பினால், மேலும் கீழும் காற்றுப் புகுந்து விரைவில் உலரும். நல்ல வெயிலில் உப்பின்றியே காயும். மேகமூட்டமான நாட்களில் உப்பிடுதல் நலம். வளைத்தால் ஒடிவதே நன்கு உலர்ந்ததன் அடையாளம்.

பரணும் ஈரம் புகாத கிடங்கும் தனி ஒருவருக்குப் பாரமாகலாம், சங்கத்துக்கு அவ்வாறன்று. பலருடைய சரக்கைத் தரம் பிரித்துச் சேமித்து, ஐப்பசி, கார்த்திகை மழைக்கால விலைக்கு விற்கச் சங்கத்தால் இயலும். சரக்கின் பேரில் முன்பணம் கொடுத்தால், அன்றாடச் செலவுக்காக மலிவாய் விற்கும் அவசியமும் நீங்கும்.

சென்னை மாகாணத்தில் 1895 முதல் 1897 வரை கூட்டுறவுக் கடன் பற்றிய அறிக்கைகளை அளித்த பிரெடரிக் நிக்கல்சன் என்பவரே, 1907-இல் அம்மாகாணத்தின் மீன் இலாகா தொடங்கவும் காரணராயிருந்தார். நாணயமான கடனும் கெடாத சரக்கும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை அங்கத்தினர்கள் மனத்திற்கொள்வார்களாக.