340 கிராம் வேண்டாம் கண்ணு

கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு நிறத்தில், ஃபெடரர் கையெழுத்துப் பொறித்த வில்சன் மட்டை. அலுவலகத்து நண்பர் பாதி விலைக்குத் தருகிறார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். போனில் பேசினால் ‘சரி பெரியப்பா’ என்று சொல்லிவிட்டு வாங்கிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வாங்காதே.

மட்டையில் குறை ஒன்றும் இல்லை. 97 சதுர அங்குல முகம், நரம்பு கட்டாமல் 340 கிராம். கடையில் சொல்லும் எடை பெரும்பாலும் நரம்பு கட்டாத எடைதான், இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள். நரம்பு ஏறினால் பதினைந்து, பதினாறு கிராம் கூடும். சென்னை வியர்வைக்குப் பிடியின் மேல் ஓவர்கிரிப் சுற்றாமல் உன்னால் ஆட முடியாது, அது இன்னொரு ஐந்து கிராம். ஆக, கையில் நிற்கப்போவது 360 கிராம். நீ ஆட ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது.

ஃபெடரர் அதை எப்படிச் சுமந்தார் என்று யோசித்துப் பார். பந்து எதிராளியின் மட்டையை விட்டுக் கிளம்பியதுமே அவர் தோள் திரும்பிவிடும். கனமான மட்டை ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் தன் கனத்தாலேயே பந்தைத் தள்ளிக்கொண்டு போகும், கைக்கு வேலை குறைவு. ஆனால் அதை ஓடவைக்க நேரம் வேண்டும். உன் வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். பந்து உன் பக்கத்துத் தரையில் குத்தி எழும்போதுதான் நீ மட்டையைப் பின்னால் கொண்டுபோகிறாய். பழக்கத்தில் சரியாகிவிடும், எல்லோருக்கும் ஆரம்பம் இப்படித்தான். அதுவரைக்கும், தோள் செய்ய வேண்டிய வேலையை உன் மணிக்கட்டும் முழங்கையும் செய்துகொண்டிருக்கும். அவற்றின் தலையில் 360 கிராமை ஏற்றாதே.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. 1992-ல் எனக்கு 28 வயது. சம்பள உயர்வு வந்த மாதம், அப்போது உச்சத்தில் இருந்த ஓர் ஆட்டக்காரர் வைத்திருந்த அதே மாதிரி மட்டையை வாங்கினேன். 85 சதுர அங்குலம்தான் முகம், நல்ல கனம். அதில் நடுவில் பட்ட பந்தின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பத்துக்கு இரண்டு பந்து அப்படிப் பட்டிருக்கும். மூன்றாவது மாதம் ஒருநாள் காலையில் காபி டம்ளரைத் தூக்கினேன், முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஊசி இறங்கியது போல வலித்தது. டாக்டர் டென்னிஸ் எல்போ என்றார். பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. உன் அக்கா அப்போது கைக்குழந்தை. எட்டு மாதம் அவளை என் வலது கையால் தூக்கவில்லை. கோர்ட்டுக்குப் போக முடியாமல் போனதை விட அதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

தாத்தா மர மட்டையில் ஆடவில்லையா என்று நீ கேட்பாய். ஆடினார். ரயில்வே காலனி மண் கோர்ட்டில் ஐம்பது வயதுக்கு மேலும் ஆடினார். அவருடைய மட்டை இன்னும் பரணில், நாலு மூலையிலும் திருகாணி வைத்த மரச்சட்டத்துக்குள் இருக்கிறது. மழைக்காலத்து ஈரத்தில் மரம் கோணிவிடாமல் இருக்க அந்தச் சட்டம். நேற்று இறக்கிச் சமையலறைத் தராசில் வைத்தேன், 385 கிராம். ஆனால் மரம் வளையும். பந்து மோதும் அதிர்ச்சியில் ஒரு பங்கை மரமே வாங்கிக்கொள்ளும். நரம்பும் அந்தக் காலத்தில் குடல் நரம்பு, மெத்தென்று இருக்கும். தாத்தாவின் வீச்சும் கோலம் போடுவது போல நீளமாக, நிதானமாக வரும். இன்றைய கிராஃபைட் சட்டம் விறைப்பானது. வேகம் தருவதும் அந்த விறைப்பே, கையைக் கேட்பதும் அதுவே.

இனி முகத்தின் அளவுக்கு வருகிறேன். பெரிய முகம் என்றால் ‘அது வயசானவங்க பேட்’ என்று உன் கூட ஆடுகிறவர்கள் சொன்னதாக எழுதியிருந்தாய். அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். ஹோவர்ட் ஹெட் என்று ஓர் அமெரிக்கர். விமான வேலை பார்த்த பொறியாளர், உலோகம் வைத்துப் பனிச்சறுக்குப் பலகை செய்து பெரும் பெயர் எடுத்தவர். கம்பெனியை விற்றுவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டி டென்னிஸ் கற்க வந்தார். சரியாக வரவில்லை. பந்து கொஞ்சம் ஓரத்தில் பட்டாலும் மட்டை கைக்குள் முறுக்கிக்கொண்டது. அவர் தன் கையை நொந்துகொள்ளவில்லை, மட்டையை எடுத்து ஆராய்ந்தார். அகலத்தைக் கூட்டினால் முறுக்கலை எதிர்க்கும் தன்மை அகலத்தை விட வேகமாகக் கூடும் என்று கண்டார். 1976-ல் அலுமினியத்தில் 110 சதுர அங்குல முகத்தோடு பிரின்ஸ் மட்டை வந்தது. மர மட்டைகளின் முகம் எழுபது சதுர அங்குலத்தை ஒட்டித்தான் இருந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். இரண்டே வருஷம், 1978-ல் பாம் ஷ்ரைவர் என்ற 16 வயதுப் பெண் அந்தப் பெரிய மட்டையோடு அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம் வரை போனாள். அரையிறுதியில் அவளிடம் தோற்றது யார் தெரியுமா, மார்ட்டினா நவ்ரத்திலோவா.

பெரிய முகம் உன்னைப் போலத் தட்டுத் தடுமாறிக் கற்ற ஒருவர் தனக்காகச் செய்துகொண்டது. அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. செரினா வில்லியம்ஸ் 104 சதுர அங்குல மட்டையில் ஆடினார். நீ கொண்டாடும் ஃபெடரரே பல வருஷம் 90-ல் ஆடிவிட்டு, 2014-ல் 97-க்கு மாறினார். அந்தப் பெரிய முகத்தோடுதான் 35 வயதில் 2017 ஆஸ்திரேலிய ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றார். மாறாமல் இருந்தவர் போர்க். 1991-ல் மான்டி கார்லோவில் திரும்ப ஆட வந்தபோது பழைய மர மட்டையையே கொண்டுவந்தார், முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஐந்து முறை விம்பிள்டன் வென்ற கை அது.

உன் நிலை என்ன என்று கோச்சைக் கேட்காதே, கடைக்காரரையும் கேட்காதே. இப்போது இரவல் வாங்கி ஆடுகிறாயே, அந்த மட்டையின் நரம்பைப் பார். பந்தின் மஞ்சள் பஞ்சு நரம்பில் ஒட்டியிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று உரசும் இடங்களில் நரம்பு லேசாகக் குழி விழுந்திருக்கும். அந்தத் தேய்வு நடுவில் ஓர் உள்ளங்கை அளவுக்குள் அடங்கியிருந்தால் உன் கை முகத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்று பொருள், 98, 100 எல்லாம் உனக்குச் சரி. முகம் முழுக்கப் பரவிக் கிடந்தால் இன்னும் ஒரு வருஷத்துக்கு உனக்கு 102-க்கும் 105-க்கும் நடுவில் வேண்டும். 110-க்கு மேல் போகாதே. வீசக் கற்றுக்கொள்ளும் வயசு உனக்கு, அந்த அளவு மட்டைகள் வீசாமலே பந்தை அனுப்பிவிடும்.

கனம் வேண்டாம் என்றேன் என்பதற்காக 240 கிராமைத் தூக்கிக்கொண்டு வராதே. இந்தத் தவறைச் செய்கிறவர்கள் நிறைய. மட்டை ரொம்ப இலேசாக இருந்தால் வருகிற பந்து அதைப் பின்னால் தள்ளும், அந்த உதையை வாங்குவது உன் கை. உனக்கு நரம்பு இல்லாமல் 270-லிருந்து 285 கிராம். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். வீட்டில் சுத்தியல் இருந்தால் பிடியைப் பிடித்து ஆட்டிப்பார், பிறகு திருப்பித் தலையைப் பிடித்து ஆட்டிப்பார். எடை ஒன்றேதான், ஆனால் கை அதை ஒத்துக்கொள்ளாது. மிக இலேசான மட்டைகளில் பலவற்றுக்குத் தலைப்பக்கம் கனம் வைத்திருப்பார்கள். கடையில் கையில் பிடிக்கும்போது இறகு மாதிரி இருக்கும், கோர்ட்டில் வீசும்போது இழுக்கும். ஒரு விரல் மேல் மட்டையைக் கிடத்திப் பார். நீளம் 27 அங்குலம், அதன் நடுப்புள்ளிக்குக் கீழே, பிடிப்பக்கம், மட்டை சமநிலையில் நின்றால் நல்லது. நடுப்புள்ளியிலேயே நின்றாலும் குற்றமில்லை.

பிடியின் சுற்றளவு சின்ன விஷயம், ஆனால் கடையில் இருப்பதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பிடித்துக்கொண்டிருக்கும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவில் மறுகையின் ஆள்காட்டி விரல் ஒன்று நுழைய வேண்டும். உனக்கு எல்-2 வரும் என்று நினைக்கிறேன், ஒருவேளை எல்-1. சந்தேகம் வந்தால் சின்னதை எடு. ஓவர்கிரிப் சுற்றிப் பெரிதாக்கலாம், பெரியதைச் செதுக்க முடியாது.

கண்ணு, இனிமேல் சொல்வதை நிறுத்திப் படி. உன் மட்டையில் பந்தைத் தொடுவது நரம்பு மட்டும்தான். எல்லோரும் சட்டத்துக்கு ஒரு மாதம் யோசிக்கிறார்கள், நரம்புக்கு ஒரு நிமிஷம் கூட யோசிப்பதில்லை. பழைய கடைக்காரர்கள் ‘கட் போடணுமா’ என்று கேட்பார்கள். குடல் நரம்பு காலத்துச் சொல் அது. ‘எவ்வளவு டென்ஷன்’ என்றும் கேட்பார்கள். இறுக்கிக் கட்டினால் பந்து பறக்கும் என்று நினைத்துக்கொண்டு அறுபது பவுண்டு என்று சொல்லிவிடாதே. நடப்பது தலைகீழ். டென்னிஸ் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் போட்டால் 135-லிருந்து 147 சென்டிமீட்டர் வரைதான் எழ வேண்டும் என்பது விதி. அதாவது நசுங்கும் பந்து தான் வாங்கிய ஆற்றலில் கிட்டத்தட்டப் பாதியை விழுங்கிவிடுகிறது. நரம்பு அப்படி இல்லை, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். தளர்ந்த நரம்பு நன்றாகக் குழிந்து பந்தை ஏந்தும், பந்து குறைவாக நசுங்கும், வேகமாகக் கிளம்பும். இறுக்கினால் நரம்பு தரை மாதிரி ஆகிவிடும். பந்து நசுங்கும், வேகம் போகும், அதிர்வு முழங்கைக்கு வரும். இறுக்கம் தருவது கட்டுப்பாடு. அதை வாங்குவதற்கு முழு வேகத்தில் வீசத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ 50 பவுண்டு என்று சொல். நரம்பு மல்டிஃபிலமென்ட். நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளை முறுக்கியது, குடல் நரம்புக்கு அடுத்தபடி கைக்கு இதமானது. விலை அதிகம் என்று பட்டால் சிந்தெடிக் கட் போதும். பாலியஸ்டர் மட்டும் வேண்டாம். குயெர்ட்டன் 1997-ல் பிரெஞ்சு ஓப்பன் வென்றபோது கட்டியிருந்தது அது, அதற்குப் பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள். அவர்கள் வீசும் வேகத்துக்கு அது பந்தைச் சுழற்றித் தரும். உனக்குக் கம்பி கட்டியது போல இருக்கும். அதோடு சில மணி நேர ஆட்டத்திலேயே அதன் உயிர் போய்விடும். ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாகக் கட்டித்தர அவர்களுக்கு ஆள் இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறாயோ வருஷத்துக்கு அத்தனை தடவை நரம்பு மாற்று. உனக்கு மூன்று. காரின் டிக்கியில் மட்டையைப் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போகாதே. சென்னை வெயிலில் மூடிய டிக்கிக்குள் நரம்பு தளர்ந்துபோகும். நரம்புக்கு நடுவில் செருகும் ரப்பர் பொத்தானைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது சத்தத்தை மட்டும்தான் குறைக்கும், முழங்கையைக் காக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதே.

இரண்டாயிரம், மூன்றாயிரத்துக்கு நரம்பு கட்டியே தொங்கும் அலுமினிய மட்டையும் உனக்கு வேண்டாம். முதல் இரண்டு மாதத்துக்கு அது போதும், நீ அதைத் தாண்டிவிட்டாய். முழு கிராஃபைட்டாகப் பார். கம்பெனி பெயர் எனக்கு முக்கியமில்லை. ஹெட், பாபோலா, யோனெக்ஸ், வில்சன் எல்லாரிடமும் நான் சொன்ன அளவில் ஒன்று இருக்கிறது. நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டு எடு, அதில் தப்பில்லை. ஆசையாக இருக்கிற மட்டைக்காகத்தான் காலை ஐந்தரைக்கு எழுந்திருப்போம்.

ஆனால் ஆடிப் பார்க்காமல் எடுக்காதே. கோர்ட்டில் நாலு பேரிடம் கேள், கொடுப்பார்கள். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்குத் தங்கள் மட்டையைப் பற்றிப் பேசப் பிடிக்கும். ஒவ்வொன்றிலும் முழுசாக ஒரு மணி நேரம் ஆடு. முதல் பத்து நிமிஷம் எல்லா மட்டையும் நல்ல மட்டைதான். கடைசி இருபது நிமிஷத்தில், கால் தளர்ந்து, சர்வ் வலையில் விழ ஆரம்பிக்கும்போது எது கையில் இழுக்கிறது என்று கவனி. மறுநாள் காலையில் தண்ணீர் நிறைந்த சொம்பைக் கையை நீட்டிப் பிடித்துப் பார். முழங்கை ஏதாவது சொன்னால் அந்த மட்டையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு.

நண்பரிடம் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே சொல்லிவிடு, அவரும் வேறு ஆள் பார்க்கட்டும். வருகிற பதினைந்தாம் தேதி நான் சென்னை வருகிறேன். என்னுடைய 285 கிராம் மட்டையையும், பெரியம்மா ஆடிக்கொண்டிருந்த 105-ஐயும் எடுத்து வருகிறேன். இரண்டிலும் 50 பவுண்டில் புது நரம்பு போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீ இப்போது ஆடும் மட்டையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில், நேராக வைத்துப் படம் எடுத்து அனுப்பு. நரம்பு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா