மழைக்கு முன் எத்தனை பாவு?

அன்புள்ள தம்பி,

பாலராமபுரத்தில் ஒரு கைத்தறிச் சங்கத்துக்கு உற்பத்தித் திட்டம் போடும் வேலையை ஏற்றுக்கொண்டாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். தனுவச்சபுரத்தில் பாசஞ்சர் ஏறினால் அமரவிளை, நெய்யாற்றின்கரை, அதற்கடுத்து பாலராமபுரம். வீட்டுச் சாப்பாட்டை விடாமலே வேலை பார்க்கலாம்.

நீ அனுப்பிய ஓணத் திட்டத்தைப் படித்தேன். தறிகளை எண்ணி, வேலை நாட்களால் பெருக்கி, ஒரு உருப்படிக்கு ஆகும் நாட்களால் வகுத்திருக்கிறாய். படிப்பில் கற்றுத்தந்த கணக்கு அது. நெசவாளர் வாழும் சாலியர் தெருவில் அது நிற்காது, ஏனென்றால் நீ பாவை, அதாவது தறியில் நீளவாட்டில் ஏறும் நூலை, கணக்கில் சேர்க்கவில்லை.

திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் (1798–1810) திவான் உம்மிணித் தம்பி அங்கே தமிழ் பேசும் நெசவாளரைக் குடியமர்த்தினார். அன்று முதல் அந்தத் தெருவே ஒரு தொழிற்கருவி. விடியலில் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, பலர் சேர்ந்து தேய்த்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். மழை பெய்தால் அன்றைய வேலை போச்சு. இனி நாட்காட்டியைப் பார்: இடவப்பாதி மழை தொடங்குவது ஜூனில், ஓணம் ஆவணியில். சந்தை அதிகம் கேட்கும் நேரத்துக்குச் சற்று முன்புதான் தெரு நனைந்து கிடக்கிறது. கோடையில் உன்னைக் கட்டிப்போடுவது தறிகளின் எண்ணிக்கை. மழையில் கட்டிப்போடுவது கையிலிருக்கும் பாவு. ஒரே ஆண்டில் முட்டுக்கட்டை இடம் மாறுகிறது. ஆகவே எந்தத் துணியை நெய்வது என்ற முடிவும் அதோடு மாறவேண்டும்.

ஒரு பேச்சுக்கு, சாதாரண கசவு முண்டுக்கு மூன்று தறிநாள் என்றும் உடலெங்கும் புட்டாப் பூ போட்ட சேலைக்குப் பத்துத் தறிநாள் என்றும் வைத்துக்கொள். உருப்படிக்கு என்ன லாபம் என்று பார்த்தால் சேலைதான் ஜெயிக்கும். தறிநாளுக்கு என்ன லாபம் என்று பார்த்தால் முண்டு முந்தக்கூடும். கோடைக்கு இந்தக் கணக்குதான் சரி. புளியிலைக்கரை முண்டு அடுத்த ஆண்டும் விற்கும், நெய்து அடுக்கிவை. மழைக்காலத்திலோ பாவின் முழத்துக்கு என்ன வரவு என்று கேள். அப்போது சேலை மேலே வரும். கொஞ்சம் பாவில் நிறைய நாள் வேலை தருவது அதுதானே!

வடிவமைப்பாளர் தாளில் ஒரு பூவைக் கூட்டும்போது நெசவாளரின் நாட்களைச் செலவழிக்கிறார். அதனால் வடிவத்தையும் தறிகளின் திறனையும் தனித்தனிக் கூட்டங்களில் முடிவு செய்ய விடாதே. கூலியும் அந்த நாட்களைப் பார்த்தே அமையவேண்டும். பூவைக் கூட்டிவிட்டுக் கூலியைக் கூட்டாவிட்டால் நெசவாளி நஷ்டப்படுகிறார், அவர் பிள்ளை குழித்தறியில் உட்கார மறுக்கிறான். அப்படிப் போகும் திறனை எந்தத் திட்டமும் திருப்பித் தராது. இதில் மட்டும் நீ யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.

இன்னொன்றும் துணியின் அமைப்பிலேயே இருக்கிறது. நீளவாட்டுக் கரை பாவோடு சேர்ந்தது, அதன் நிறத்தைப் பாவு போடும்போதே முடிவு செய்தாகவேண்டும். முந்தி குறுக்கு நூலான ஊடையில் வருகிறது, தறியில் ஏறியபிறகும் அதை மாற்றலாம். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் சாயமில்லாத நூலில் ஸ்வெட்டர்களைப் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்த பிறகு சாயம் தோய்த்தது. உனக்கு அந்த வசதியை முந்தி தருகிறது. கரையைக் கோடையிலேயே முடித்துவிடு. முந்தியை ஜூலை வரை திறந்து வை, கடைக்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து நெய்யச் சொல்.

சரக்கை அடுக்கிவைப்பதில் ஆபத்தும் உண்டு. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் சேந்தமங்கலம் நெசவாளர்களின் ஓணச் சரக்கு சேற்றில் மூழ்கியது. கறைபட்ட துணியிலிருந்து சேக்குட்டிப் பொம்மைகள் பிறந்ததை உலகம் பாராட்டியது, பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் ஓணம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. முண்டுகளை ஒரே அறையில், தரையோடு வைக்காதே. சரக்கு விற்கும் வரை அத்தனை மாதம் கூலிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் பாவு போடும் முன்பே செயலாளரிடம் பேசிவிடு.

தறிகளை எண்ணியதிலும் ஒரு பிழை உண்டு. 2017இல் தொடங்கிய கேரள அரசின் பள்ளிச் சீருடைத் திட்டம் கேரளத் தறிகளுக்கு ஓணம் இல்லாத மாதங்களிலும் வேலை தருகிறது. நல்லதுதான். ஆனால் சட்டைத்துணி நெய்யும் தறியையும் நுண்ணிய நூலில் கசவு நெய்யும் தறியையும் ஒரே எண்ணாகக் கூட்டியிருக்கிறாய். பிரித்து எழுது.

இந்த வாரமே ஒருநாள் விடியலில் தெருவுக்குப் போய், பாவு நீட்டும் பெரியவர்களிடம் கேள்: போன ஜூன், ஜூலையில் எத்தனை நாள் பாவு போட முடிந்தது? அந்த எண்ணை வைத்துத் திட்டத்தை மாதவாரியாக மறுபடி போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்