சித்திரம் காத்த சுவர்கள்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலம் பேணுதலை வலியுறுத்தவே இதனைப் பெரிதும் எடுத்துக்காட்டுவர். இக்கட்டுரையில் நாம் அதனை மறுபுறமாக நோக்க விழைகின்றோம். சித்திரம் எழுதியதனால் சுவரும் ஊரும் மதிப்புப் பெற்ற வரலாறுகளும் உலகில் உண்டு. அச்சித்திரங்களை எழுதியோருள் பலர் பள்ளிப் பருவத்தினர் என்பதே மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிய வேண்டிய செய்தியாகும்.

அலுப்பு என்பது யாது?

சிற்றூர்களில் வாழும் இளையோர் எந்நாட்டவராயினும் கூறும் குறை ஒன்றே: “இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.” பெரியோர் பலர் இதனைச் சோம்பல் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. சோம்பலாவது ஆற்றலைப் பயன்படுத்த மனமின்மை. அலுப்பாவது ஆற்றல் இருந்தும் அதற்கு வேலை கிடையாமை. விளையாட்டுக்கூடமும் திரைப்படமும் அலுப்பைச் சிறிது நேரம் மறக்கச் செய்யும், தீர்க்கமாட்டா. ஊருக்கு வேண்டிய ஒரு பணியை இளையோரை நம்பி ஒப்படைப்பதே அதற்கு மருந்து. இதனை இரு சான்றுகளால் விளக்குவோம்.

ஓர்கோசோலோ

இத்தாலி நாட்டுக்குரிய சார்டினியாத் தீவின் நடுவே, பார்பாஜா என்னும் மலைப்பகுதியில் ஓர்கோசோலோ என்ற சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 4,000 பேர். செம்மறியாடு மேய்த்தலே அவர்தம் பரம்பரைத் தொழில். வறுமையும் குடும்பப் பகையும் மலிந்திருந்தமையால் ‘கொள்ளையர் ஊர்’ என்ற பழி நெடுங்காலம் அதனைப் பற்றியிருந்தது. 1961இல் வெளிவந்த இத்தாலியத் திரைப்படம் ஒன்றின் பெயரே ‘ஓர்கோசோலோவின் கொள்ளையர்’ என்பதாகும்.

1969ஆம் ஆண்டில், பிரத்தோபெல்லோ என்னும் பொது மேய்ச்சல் நிலத்தில் இராணுவம் சுடுபயிற்சிக் களம் அமைக்க முனைந்தது. ஆடவர், பெண்டிர், சிறார் யாவரும் அந்நிலத்துக்குச் சென்று, படைக்கலம் ஏந்தாது எதிர்த்து நின்றனர். படையினர் திரும்பிச் சென்றனர். அதே ஆண்டிலேயே, மிலானோ நகரிலிருந்து வந்த கலைக்குழுவொன்று அவ்வூரின் முதற் சுவரோவியத்தை எழுதிற்று.

வந்தவர் எழுதிய அவ்வோவியம் ஊராரின் மரபாக மாறியது 1975இல் ஆகும். சியெனா நகரினரான பிரான்செஸ்கோ தெல் காசினோ அப்போது ஓர்கோசோலோப் பாடசாலையில் ஓவிய ஆசிரியராக இருந்தார். பாசிசத்தினின்றும் இத்தாலி விடுதலை பெற்ற 30ஆவது ஆண்டு நிறைவை மாணவருடன் சேர்ந்து நினைவுகூர எண்ணினார். வகுப்பறையின் தாளோடும் கரிக்கோலோடும் பாடம் நின்றுவிடவில்லை. ஆசிரியரும் மாணவரும் தெருவுக்கு வந்து ஊரின் சுவர்களிலே ஓவியம் எழுதினர்.

மேய்ப்பரின் பாடு, பெண்களின் உழைப்பு, பிரத்தோபெல்லோப் போராட்டம், தொலைநாடுகளில் நிகழ்ந்த போர்கள் ஆகியன காலப்போக்கில் அவ்வூர்ச் சுவர்களில் இடம்பெற்றன. ஓவியங்களின் அருகே இத்தாலிய மொழியில் மட்டுமன்றிச் சார்டினிய மொழியிலும் வாசகங்கள் பொறிக்கப்பட்டன. சார்டினிய மொழியைச் சிறுபான்மையோர் மொழியாக இத்தாலியச் சட்டம் ஏற்றது 1999இலேயே. அதற்கு முன்னரே அம்மொழி ஓர்கோசோலோவின் தெருச்சுவரில் தலைநிமிர்ந்து நின்றது. வீட்டுமொழி வேறு, பாடசாலை மொழி வேறு என வளரும் நம் பிள்ளைகள் இதனைச் சிந்தித்தல் நன்று.

இன்று அவ்வூரில் நூற்றுக்கு மேற்பட்ட சுவரோவியங்கள் உள்ளன. முன்பு கொள்ளையர் ஊர் எனப்பட்டதனைச் சுவரோவியங்களின் ஊர் என்று கேள்வியுற்று, பல நாட்டவரும் நாடி வருகின்றனர்.

பாட்டியின் ஓவியம்

பெருநகரில் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் குடியிருப்பும் ஒருவகையிற் சிற்றூரே. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பொயில் ஹைற்ஸ் அத்தகையதொரு பகுதி. 1970இல் ஜூடித் பாக்கா என்ற இளம் ஓவியர், ஒன்றோடொன்று பகைகொண்ட தெருக்குழுக்களைச் சேர்ந்த இளைஞரை ஒருங்குசேர்த்தார். அவர்கள் பூங்காவொன்றின் இசைமேடையில், இரு கைகளையும் விரித்து அழைக்கும் பாட்டியொருவரின் உருவத்தை எழுதினர். பாட்டிக்குப் பகைவர் எவர்? அயலார் அவ்வோவியத்தின் முன் மெழுகுதிரி ஏற்றினர், மலர் வைத்தனர்.

பின்னர் அந்நகரின் வெள்ள வடிகால் ஒன்றின் கொங்கிறீற்றுச் சுவரில், ஜூடித் பாக்காவின் தலைமையில் கலிபோர்னிய மக்களின் வரலாறு எழுதப்பட்டது. 1976ஆம் ஆண்டின் முதற் கோடையில் ஏறத்தாழ 80 இளையோர் அப்பணியில் ஈடுபட்டனர். குற்றங்களில் அகப்பட்டு நீதித்துறையினரால் அனுப்பப்பட்டோர் அவர்கள். ஓவியருடன் வரலாற்றறிஞரும் அவர்களுக்குத் துணைநின்றனர். 1983 வரை ஐந்து கோடைகளில் 400க்கு மேற்பட்ட இளையோரும் அவர்தம் குடும்பத்தினரும் உழைத்து, 2,754 அடி நீளமான ஓவியத்தை ஆக்கினர். பாடநூல்கள் விட்டுச்சென்ற சிறுபான்மை மக்களின் கதைகள் அச்சுவரில் இடம்பெற்றன.

செய்முறை

சுவரோவியம் எழுதச் சிறந்த ஓவியராக இருத்தல் வேண்டுமென்பதில்லை. முதலில், சுவருக்கு உரியவரிடம் அனுமதி பெறுதல் வேண்டும். இரண்டாவதாக, ஊர் மூத்தோரிடம் சென்று அவர்தம் கதைகளைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, எதனை எழுதுவது எனக் கூடிப் பேசி முடிவுசெய்தல் வேண்டும். அதன்பின் சிறு தாளில் மாதிரி வரைந்து, அதன்மீது சமசதுரக் கோடுகள் இடுவர். சுவரைக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, அடிப்பூச்சுப் பூசி, உலர்ந்தபின் அதே எண்ணிக்கையான பெரிய சதுரங்களைச் சுண்ணக்கட்டியால் வரைவர். ஒவ்வொரு சிறு சதுரத்தில் உள்ளதையும் அதற்குரிய பெரிய சதுரத்தில் எழுதினால், எத்துணைப் பெரிய ஓவியமும் பிசகாது அமையும். ஒருவருக்கு ஒரு சதுரமென ஒப்படைத்தால், சிறிய பிள்ளைக்கும் அதிற் பங்கு உண்டு. ஈரம் ஊறும் சுவரில் வண்ணம் உரிந்துவிடும். ஆதலின் ஈரத்தை முன்னரே நோக்குதல் இன்றியமையாதது.

பெற்றோருக்கு ஒரு சொல்

நம் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் இரவல் பெற்ற வகுப்பறைகளில் நடைபெறுவன. அங்கே ஓர் ஆணி அடிக்கவும் நமக்கு உரிமையில்லை. மாலையில் கரும்பலகையைத் துடைத்துவிட்டு வெளியேறுகின்றோம். நாம் வந்துபோன சுவடே எஞ்சுவதில்லை. தாம் சேரும் இடத்தில் தம் அடையாளம் ஒன்றும் இல்லாத பிள்ளைகள் “அலுப்பாயிருக்கிறது” என்று கூறின், அதில் வியப்பில்லை. ஆகவே ஊர் நூலகத்திடமோ நகரசபையிடமோ ஒரு சுவரை வேண்டிப் பெறுவோம். அதுவும் கிடையாதெனின், கழற்றி வைக்கத்தக்க பலகைகளில் எழுதுவிப்போம்.

ஆயினும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். சுவரைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, ஓவியத்தை நாமே தீர்மானித்தல் ஆகாது. நாம் யாழையும் பனையையும் விரும்புவோம். அவர்கள் பனிபொழியும் பேருந்து நிறுத்தத்தில் காத்துநிற்கும் அம்மம்மாவை எழுத விரும்பலாம். கோடு கோணலாகலாம், கருத்து நமக்கு உவப்பற்றதாகவும் இருக்கலாம். திருத்தக் கை நீளும்போது அதனை அடக்கிக்கொள்வதே நம் பங்கு. பிறர் சொற்படி எழுதிய சுவரைப் பிள்ளைகள் கடந்து செல்வர். தாமே எண்ணி எழுதிய சுவரையோ காத்து நிற்பர்.

மாணவர் சிந்தனைக்கு

1. அலுப்புக்கும் சோம்பலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஓர்கோசோலோ மக்கள் தம் வீட்டுமொழியைச் சுவரில் எழுதியதன் பயன் என்ன?
3. உமது ஊரில் ஒரு சுவர் உமக்குக் கிடைப்பின், யாரிடம் கதை கேட்பீர்? எதனை எழுதுவீர்?