அட்மிஷனுக்கு முன்பே போட வேண்டிய கணக்கு

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. முதலில் சீட் கிடைக்கட்டும், பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம் என்போம். நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோரின் மக்கள்தான் இன்று நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் குடியிருக்கிறோம். அதே துணிச்சலோடுதான் நம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பையும் அணுகுகிறோம். அந்தத் துணிச்சல் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அமெரிக்காவில் வேறொரு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் என்று வரும்போது அது நம்மைத் தவறான வரிசையில் யோசிக்க வைக்கிறது. அந்தப் படிப்பு நமக்குக் கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கான விடை, அட்மிஷன் கடிதம் வந்தபிறகு நாம் செய்யும் முயற்சியில் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில், எந்தெந்த மாநிலங்களுக்கு விண்ணப்பிப்பது என்று பட்டியல் போடும் இடத்திலேயே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. பல குடும்பங்களின் கணக்கைப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம் இது.

ஏன் அப்படி என்பதற்குக் கட்டணத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். இங்கே அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநில அரசின் பல்கலைக்கழகம். அந்த மாநிலத்தின் வரிப்பணம் செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறது. அதனால் அங்கே வரி கட்டும் குடும்பத்தின் பிள்ளைக்குக் கட்டணம் குறைவு. வெளியாரிடம் கூடுதலாக வாங்கலாம் என்பதை 1970களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பல மாநிலங்கள் தங்கள் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் நிதியைக் குறைத்தபோது, அந்தக் குறையை நிரப்ப வெளிமாநில மாணவர்களின் கட்டணம் பெரிதும் கைகொடுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2025 இலையுதிர் பருவத்தில் புதிதாகச் சேர்ந்த வெளிமாநில மாணவர், வழக்கமான டியூஷனுக்கு மேல், வெளிமாநிலத்தவர் என்பதற்காக மட்டும் ஆண்டுக்கு 37,602 டாலர் கட்ட வேண்டும். மிச்சிகன் ஆன் ஆர்பரில் வெளிமாநில டியூஷன் 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தால் ஆண்டுக்கு 80,000க்கு மேல். இந்தப் பணம் அவர்களுக்கு வரவு. வாசலில் வரிசை நிற்கும்போது அந்த வரவைத் தள்ளுபடி செய்ய அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு டியூஷனே வேண்டாம் என்று மிச்சிகன் நடத்தும் 'கோ புளூ கேரண்டி' திட்டம்கூட மிச்சிகன்வாசிகளுக்கு மட்டுமே. அதைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் வரிப்பணம்.

ஆகவே வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களை ஒரே கூட்டமாகப் பார்க்கக் கூடாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், ஆன் ஆர்பர் போன்றவை வெளிமாநில மாணவரிடம் பணம் எதிர்பார்ப்பவை. வெர்ஜினியா பல்கலைக்கழகமும் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகமும் அரிய விதிவிலக்குகள்: வெளிமாநில மாணவரானாலும் குடும்பத்தின் தேவை என்று தாங்கள் கணக்கிடும் தொகை முழுவதையும் ஈடுகட்டுவதாக உறுதி சொல்கின்றன. ஆனால் சேப்பல் ஹில்லில் முதலாண்டு மாணவர்களில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு உண்டு, நுழைவது கடினம். அதோடு, அவர்கள் கணக்கிடும் தேவைக்கும் நாம் உணரும் தேவைக்கும் தூரம் அதிகம். இருவரும் ஐடியில் வேலை பார்க்கும் வீட்டுக்கு அந்த உறுதிமொழியால் பெரும்பாலும் ஒரு டாலர்கூட வராது. மூன்றாவது வகைதான் நம்மவர்கள் அதிகம் கவனிக்காதது. நல்ல மதிப்பெண் உள்ள மாணவர்களைத் தேடி அழைக்கும் பல்கலைக்கழகங்கள் அவை. அலபாமா பல்கலைக்கழகம் எந்த மதிப்பெண்ணுக்கு எவ்வளவு உதவித்தொகை என்பதை முன்கூட்டியே அட்டவணையாக வெளியிடுகிறது. அங்கே இளநிலை மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிமாநிலத்தவர். டெக்சஸில் ஒரு சட்டமே இருக்கிறது: அரசுப் பல்கலைக்கழகம் போட்டி முறையில் தரும் உதவித்தொகை ஆண்டுக்குக் குறைந்தது 1,000 டாலர் கிடைத்துவிட்டால், வெளிமாநில மாணவரும் வெளிநாட்டு மாணவரும்கூட உள்மாநிலக் கட்டணமே கட்டலாம். இத்தனை பேருக்குத்தான் என்ற உச்சவரம்பு உண்டு, எல்லா வளாகங்களும் ஒரே தாராளத்தோடு தருவதும் இல்லை. ஆனாலும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம் போன்ற இடங்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இது உண்மையான வாய்ப்பு.

உதவித்தொகையே இல்லாமல் விலை குறையும் வழிகளும் உண்டு. பர்டியூ பல்கலைக்கழகம் 2013 முதல் டியூஷனை உயர்த்தவில்லை. வெளிமாநிலத்தவருக்கு 28,794 டாலரிலேயே நிற்கிறது. பொறியியலில் அதன் பெயர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, ஆனால் டியூஷன் மிச்சிகனில் பாதிகூட இல்லை. மினசோட்டாவும் விஸ்கான்சினும் ஒருவர் பிள்ளையை மற்றவர் வெளிமாநிலத்தவராக நடத்துவதில்லை என்று உடன்பாடு வைத்திருக்கின்றன. மினியாபொலிஸ் குடும்பத்துக்கு மேடிசன் எட்டாத இடமல்ல. மேற்கு மாநிலங்களுக்கு இடையே உள்ள 'வூயி' எனப்படும் பரிமாற்றத் திட்டத்தில், சேர்ந்துள்ள கல்லூரிகள் உள்மாநிலக் கட்டணத்தில் 150 சதவீதத்துக்கு மேல் வாங்குவதில்லை. சியாட்டிலில் இருப்பவர் பக்கத்து மாநிலங்களைப் பார்ப்பதற்கு இது போதுமான காரணம். தென் மாநிலங்களுக்கும் மத்திய மேற்கு மாநிலங்களுக்கும் இப்படியான ஏற்பாடுகள் தனித்தனியாக உண்டு. ஒவ்வொன்றிலும் எந்தப் படிப்புக்குப் பொருந்தும், எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்ற நிபந்தனைகள் வேறு. கவனியுங்கள், இவற்றில் எதுவும் சேர்ந்தபிறகு தேடிப் பெறுவது இல்லை. பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால்தான் அந்தச் சலுகை.

கடன் வாங்கினால் என்ன என்ற கேள்வி உடனே வரும். வாங்கலாம், ஆனால் எவ்வளவு என்பதைப் பாருங்கள். பெற்றோரைச் சார்ந்த மாணவர் மத்திய அரசிடம் தன் பெயரில் முதலாண்டு 5,500, அடுத்து 6,500, பிறகு இரண்டு ஆண்டுகளும் 7,500 என்று நான்காண்டில் 27,000 டாலர்தான் வாங்க முடியும். மிச்சமெல்லாம் பெற்றோர் தலையில். பேரண்ட் பிளஸ் கடனின் வட்டி 2025-26இல் 8.94 சதவீதம், கொடுக்கும்போதே 4 சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள், வட்டி முதல் நாளிலிருந்து ஓடும். முன்பெல்லாம் கல்லூரிச் செலவு முழுவதற்கும் இதை வாங்கலாம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. அதற்கு மேல் தனியார் வங்கிதான். உள்மாநிலக் கல்லூரியைவிட ஆண்டுக்கு 40,000 டாலர் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் நான்காண்டில் 1,60,000. அதை 9 சதவீதத்தில் பத்தாண்டில் அடைக்க மாதம் 2,000 டாலருக்கு மேல் வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 2,43,000 டாலர் திருப்பிக் கட்டியிருப்பீர்கள். இது கூடுதலுக்கு மட்டும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெற்றோர், ஓய்வுக்காலச் சேமிப்பில் போட வேண்டிய ஆண்டுகளில் இதைக் கட்டுகிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துவது.

முதல் ஆண்டை மட்டும் சமாளித்துவிட்டால் அப்புறம் அந்த மாநிலத்தவராகிவிடலாமே என்பது அடிக்கடி கேட்கும் யோசனை. மிசூரி, யூட்டா போன்ற சில இடங்களில் அதற்கு வழி இருக்கிறது. மிசூரியில் பன்னிரண்டு மாதங்கள் தங்கி, குறிப்பிட்ட தொகை அங்கேயே சம்பாதித்து, குடியிருப்பை நிரூபிக்கலாம். ஆனால் கலிஃபோர்னியாவில் 24 வயதுக்குட்பட்ட மாணவரின் பெற்றோர் வெளிமாநிலத்தில் இருந்தால், பணத்துக்கு அவர்களைச் சார்ந்திருக்கவில்லை என்று காட்ட வேண்டும். பெற்றோர் காசில் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது நடக்காத காரியம். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் சேர்த்துவைத்தாலும் படிக்க வந்தவர் படிக்க வந்தவராகத்தான் கணக்கில் வருவார். பெரும்பாலான மாநிலங்கள் இந்த வழியில்தான் போகின்றன.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. பெரிய பெயருக்குப் பெரிய சம்பளம் கிடைக்கும், கொடுத்த பணம் திரும்பி வரும் என்பது. இதற்கு ஆதாரம் என்ன சொல்கிறது? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒத்த தகுதியோடு ஒத்த கல்லூரிகளில் இடம் கிடைத்தும், நுழையக் கடினமான கல்லூரிக்குப் போனவரும் சற்று எளிதான கல்லூரிக்குப் போனவரும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதித்தார்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயருள்ள கல்லூரி கூடுதல் பலன் தந்தது. ராஜ் செட்டியும் வேறு இருவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஐவி போன்ற சில தனியார் கல்லூரிகள் மிக உச்சியிலுள்ள சம்பளத்தை எட்டும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று காட்டியது உண்மை. ஆனால் அது ஒப்பிட்டது அந்தத் தனியார் கல்லூரிகளை மாநிலங்களின் முதன்மைப் பல்கலைக்கழகங்களோடு. ரட்கர்ஸைவிட மிச்சிகன் 1,60,000 டாலர் அதிகம் பெறும் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. ஜார்ஜியாவில் இருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெல் மில்லர் உதவித்தொகை பெறும் பிள்ளைக்கு ஜார்ஜியா டெக்கில் டியூஷன் முழுவதையும் மாநிலமே கட்டுகிறது. அதைவிட்டு வேறு மாநிலத்துக்கு 80,000 கட்டிப் போவதற்குப் பெயர் மட்டும் போதாது. அங்கே மட்டும் இருக்கும் ஒரு துறை, ஒரு ஆய்வுக்கூடம், நேரடியாக அந்தத் துறையிலேயே கிடைத்த இடம் என்று திட்டவட்டமான காரணம் வேண்டும். அப்படி ஒன்று இருந்து, கல்லூரிச் சேமிப்புக்கான 529 கணக்கில் பணமும் இருந்தால், தாராளமாகப் போகட்டும். டாக்டராக வேண்டும் என்ற பிள்ளையென்றால் இன்னும் நிதானம் தேவை. அதே 2025 சட்டம் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடனை ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 என்று நிறுத்திவிட்டது. இளநிலையில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு டாலரும் அங்கே வேண்டியிருக்கும்.

நம்மவர்களில் பலருக்கு இதற்கும் மேலே ஒரு சிக்கல். கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் வீட்டில் பிள்ளை எச்-4 விசாவில் இருந்தால் ஃபாஃப்சா வழியாக வரும் மத்திய அரசின் கடனோ மானியமோ எதுவும் கிடைக்காது. 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1க்கு மாற வேண்டும். பல மாநிலங்கள் எச்-4 பிள்ளைக்கு உள்மாநிலக் கட்டணம் தருகின்றன. விசா மாறியபிறகு என்ன ஆகும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சொந்த மாநிலத்தின் கட்டணமே ஒரு பெரிய சொத்து என்பது இந்தக் குடும்பங்களுக்குத்தான் முதலில் புரிய வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரியின் வசிப்பிட அலுவலகத்துக்கு எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாதம், கையில் கடிதம் வந்தாகிவிட்டது, பிள்ளை ஆசையாக இருக்கிறது என்றால் செய்வதற்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். வேலை போயிருந்தாலோ வருமானம் குறைந்திருந்தாலோ நிதியுதவி அலுவலகத்திடம் ஆவணங்களோடு மறுபரிசீலனை கேட்கலாம்; அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஏபி மதிப்பெண்களை எவ்வளவு ஏற்றுக்கொள்வார்கள், மூன்றரை ஆண்டில் முடியுமா என்று துறையிடமே கேட்கலாம். உதவித்தொகை நான்காண்டும் தொடருமா, எந்தச் சராசரிக்குக் கீழே போனால் நிற்கும், டியூஷன் ஆண்டுதோறும் ஏறுமா என்பதை எழுத்தில் பார்க்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேரும் ஆண்டின் கட்டணத்தையே ஆறாண்டு வரை நிறுத்திவைக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இவை சில ஆயிரம் டாலர் குறைக்கலாம். 1,60,000 டாலர் இடைவெளியை மூடாது. அதற்குத் தகுந்த நேரம் முந்தைய ஆகஸ்ட். அப்போதே, ஆண்டுக்கு எங்களால் தர முடிவது இவ்வளவு என்ற எண்ணைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில் வைத்திருக்க வேண்டிய செலவுக் கணிப்பானில் வெளிமாநிலத்தவர் என்று குறித்துப் பார்க்கட்டும். கணக்கு ஒத்துவராத கல்லூரிக்கு, அதில் இடம் கிடைக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும், விண்ணப்பிக்க வேண்டுமா என்பதை அவர்களும் நம்மோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.