செப்பனியா கண்ட சுத்த பாஷை

சிறிய தீர்க்கதரிசிகள் எனப்படும் பன்னிருவருள் ஒன்பதாமிடத்தில் வைக்கப்பட்டவர் செப்பனியா. அவர் நூல் 3 அதிகாரங்களும் 53 வசனங்களுமே உடையது. அதனுட் பெரும்பகுதி நெஞ்சை நடுங்கச் செய்யும் நியாயத்தீர்ப்பின் முழக்கமாம். பெலிஸ்தியர், மோவாபியர், அம்மோனியர், எத்தியோப்பியர், அசீரியர் என்னும் புறத்தார் மாத்திரமன்றி எருசலேம் நகரத்தாரும் அதற்குத் தப்பவில்லை. இத்துணைக் கடுமொழிகளுக்குப் பின், 3-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனத்தில் வாக்கின் போக்குத் திடீரெனத் திரும்புகின்றது. ஜனங்களின் பாஷையைக் கடவுள் சுத்தமாக்குவார். அவர்கள் யாவரும் அவர் நாமத்தைத் தொழுது ஒருங்கே அவரைச் சேவிப்பர் என்பது அவ்வசனத்தின் கருத்து. இச்சுத்த பாஷை யாது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

உலகத்தார் அனைவரும் ஒரு காலத்தில் ஒரே மொழி பேசுவர் என்னும் முன்னறிவிப்பாகவே சிலர் இதனைக் கொள்வர். அம்மொழி எபிரெயமே என்பாரும் உளர். இக்கொள்கை மெய்யாயின், கடவுளை அணுகுதற்கு ஒவ்வொரு ஜனத்தாரும் தம் தாய்மொழியைத் துறத்தல் வேண்டும் என்பதும் உடன்பெறப்படும். தாய்மொழியிலேயே செபிக்கக் கற்ற எவரும் இதனை எளிதில் விட்டுவிடுதற்கில்லை.

மூலத்தில் பாஷை என்னும் பொருளில் நின்ற எபிரெயச் சொல் 'ஸாபா' என்பது. அதன் நேர்ப்பொருள் உதடு. ஆற்றின் கரையையும் கடலின் விளிம்பையுங்கூட எபிரெயர் அச்சொல்லால் வழங்குவர். உதடு என்னும் கருவியின் பெயர் அதனாற் பிறக்கும் பேச்சுக்கு ஆயிற்று. யாழ் கேட்டான் என்புழி யாழ் என்பது அதன் இசையை உணர்த்துதல் போல, இதனையும் கருவியாகுபெயர் என்று நம் இலக்கணத்தார் எளிதில் அமைத்துவிடுவர். மொழியைக் குறிக்க நாக்கு என்று பொருள்படும் 'லாஷோன்' என்ற வேறொரு சொல்லும் எபிரெயத்தில் உண்டு. ஆதியாகமம் 10-ஆம் அதிகாரம், ஜாதிகள் தத்தம் மொழிப்படி பிரிந்ததைக் கூறுங்கால் இந்நாக்கையே ஆளுகின்றது. 11-ஆம் அதிகாரத்துப் பாபேற் சரித்திரமோ உதட்டையே ஆளுகின்றது. செப்பனியா தெரிந்தெடுத்தது பாபேலின் சொல். அன்றியும், அடுத்த வசனத்திற் சிதறடிக்கப்பட்டோரைக் குறிக்குஞ் சொல், பாபேலில் மக்கள் சிதறுண்டதைக் கூறும் வினையடியினின்றே பிறந்தது. அங்கே மாந்தர் தமக்கொரு பேர் உண்டாக்க முயன்றனர். இங்கே கர்த்தருடைய பேரைத் தொழுகின்றனர். ஆகவே பாபேலை உட்கொண்டே தீர்க்கதரிசி பேசுகின்றார் என்னுமளவில் முற்கூறியோர் கருத்துப் பொருந்துவதே.

ஆயினும் ஒரு வேற்றுமையை அவர் நோக்கிலர். பாபேற் சரித்திரத்தின் முதல் வசனம் பூமியெங்கும் 'ஒரே உதடு' இருந்ததென்கின்றது. செப்பனியாவோ உதட்டுக்கு 'ஒரே' என்னும் அடையைக் கொடாது, 'சுத்தமான' என்னும் அடையைக் கொடுக்கின்றார். ஒன்று என்னும் எண்ணைக் கொண்டுபோய்ப் பிறிதொரு சொல்லோடு சேர்க்கின்றார். 'ஒருமனப்பட்டு' என்று நமது வேதாகமம் மொழிபெயர்த்தவிடத்து மூலத்திலுள்ளது 'ஒரே தோளாய்' என்பதாம். ஒன்றாக வேண்டுவது உதடன்று, தோளே. ஜனங்கள் என்னும் பன்மையும் அவ்வசனத்தில் அழிவின்றி நிற்கின்றது.

தோள் என்பது பாரஞ் சுமக்கும் உறுப்பு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்து இதனை 'ஒரே நுகத்தின் கீழ்' என்று விளக்கிற்று. இரண்டு எருதுகள் நிறத்தால் ஒத்திருத்தல் வேண்டா. அடி ஒத்து நடந்தாற் போதும். நோவாவின் குமாரர் சேமும் யாப்பேத்தும் தந்தையின் மானங் காக்க ஒரே வஸ்திரத்தைத் தம் இருவர் தோள்மேலும் போட்டுக்கொண்டு பின்னிட்டு நடந்த இடத்திலும் இத்தோளென்னுஞ் சொல்லே வருகின்றது. ஒரே தோளாய் என்பதற்கு அதனினும் அழகிய உரை வேறு கிடைக்குமென்று தோன்றவில்லை.

இனிச் சுத்தமென்பது யாது? ஏசாயா 49-ஆம் அதிகாரத்திற் கூர்மையாகத் துலக்கப்பட்ட அம்பைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஓரடியிற் பிறந்தவை. தூய பாஷை என்றவுடன் பிறமொழிச் சொற் களைதலை நினைக்கும் பழக்கம் தமிழ் மாணாக்கராகிய நமக்கு உண்டு. அது வேறு வழக்கு. செப்பனியா அகராதியைத் திருத்த வந்தவரல்லர். அசுத்தம் இன்னதென்பதை அவரே 1-ஆம் அதிகாரத்திற் காட்டுகின்றார். கர்த்தர் பேரிலும் மல்காம் பேரிலும் ஒரே வாயால் ஆணையிட்டவர்களை ஆண்டுக் கண்டிக்கின்றார். 3-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தில், மீந்திருப்போர் வாயிற் கபடநாவு காணப்படாதென்கின்றார். இரட்டைப் பத்தியும் பொய்யுமே உதட்டின் அழுக்கு.

செப்பனியா வாழ்ந்தது யோசியா அரசன் காலம், அஃதாவது ஏறக்குறைய கி. மு. 640 முதல் 609 வரை. அவ்வரசன் தன் ஆளுகையின் 18-ஆம் ஆண்டில் ஆலயத்தில் நியாயப்பிரமாண நூல் கண்டெடுக்கப்பட்டபின், பலிபீடங்களை இடித்துத் தோப்புகளை வெட்டினான். ஆனால் எருசலேம் அழிந்தபின் எகிப்துக்கு ஓடியவர்கள் வானராக்கினிக்குத் தூபங் காட்டுவோமென்று எரேமியாவின் முகத்தெதிரே சொன்னார்கள். அரசன் கோடரி பீடம்வரை சென்றது, உதடுவரை செல்லவில்லை. அதனாற்றான் வசனத்தில் மாற்றுவோன் கடவுளாகவே நிற்கின்றார். அவ்வினைச்சொல் சோதோமைக் கவிழ்த்ததற்கும், சவுலுக்கு வேறே இருதயத்தைக் கொடுத்ததற்கும் ஆளப்பட்டது.

மொழி ஒன்றாயின் தோளும் ஒன்றாகும் என்பார்க்கு நம் நாட்டுத் திருச்சபையின் வரலாறே மறுப்பாம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே தஞ்சையிலும் சென்னையிலும் ஒரே தமிழிற் பாடி ஒரே தமிழிற் செபித்தோர், சாதி நோக்கி வெவ்வேறிடத்தில் அமர்ந்தனர். திருவிருந்தையும் முன்பின்னாகப் பெற்றனர். 1833-ஆம் ஆண்டிற் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் அவ்வேற்றுமையை ஒழிக்கும்படி எழுதியபோது, பலர் வேற்றுமையை விடாது சபையை விட்டனர். அவர்கட்கு மொழியிற் குறையொன்றுமில்லை.

பெந்தெகொஸ்தே நாளில் நிகழ்ந்ததோ இதற்கு மறுதலை. பார்த்தரும் மேதரும் எகிப்தியரும் ரோமரும் தத்தம் மொழியிலேயே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டனர். மாறியது கலிலேயரின் உதடு. கேட்டோர் மொழி மாறவில்லை. பின் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில், கிரேக்கம் பேசும் விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்பட்டார்களென்று முறுமுறுப்பு எழுந்தது. அப்பொழுது சபையார் அவர்களை எபிரெயம் கற்றுவரச் சொல்லவில்லை. பந்தி விசாரணைக்கு எழுவரைத் தெரிந்துகொண்டனர்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே.