கணக்குப் புரோகிராமுக்கும் முத்திரை உண்டு



சிரம்பான், கோலப்பிலா, பாகாவ் வட்டாரத் தோட்டங்களை நம்பிக் கடை நடத்தும் நம்மில் பலருடைய பற்றுப் புத்தகம் இன்று கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. தோட்டத் தொழிலாளி வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய்க் கடன் எல்லாம் மைக்ரோசாப்ட் அக்சஸ் போன்றவற்றில் செய்த புரோகிராமில் ஏறுகிறது. அதை ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து போடுகிறார். யார் செய்தது, வழியில் எவரேனும் கை வைத்தார்களா என்று நாம் கேட்பதில்லை. மூடி உடைந்த எண்ணெய் டின்னை இப்படிக் கேளாமல் கடைக்குள் ஏற்றுவோமா?

இக்கேள்விக்கு விடை கூறுவதே ‘கோட் சைனிங்’ சான்று. புரோகிராமிலிருந்து கணித முறையில் ஒரு சுருக்க அடையாளம் எடுக்கப்படுகிறது. செய்தவர், தம்மிடம் மட்டுமே உள்ள இரகசியச் சாவியால் அதற்கு முத்திரை இடுகிறார். அதற்கு ஜோடியான பொதுச் சாவியால் நம் கம்ப்யூட்டர் சரிபார்க்கிறது. புரோகிராமில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. சாவிக்குரியவர் இன்னார் என்று சான்று நிறுவனம் விசாரித்து உறுதி கூறுகிறது. மலேசியாவில் டிஜிட்டல் கையொப்பச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டு, 1998 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆகவே இது நேற்று முளைத்த சங்கதி அன்று.

முத்திரையின் அவசியம் நமக்குப் புதிதா? முத்திரையில்லாத கடிதத்தை அரசர்கள் ஏற்பதில்லை என்று சொல்லப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிர முத்திரை செய்துகொண்டார்கள்.

ஆயினும் மூன்று விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும்.

1. முத்திரை ஆளைக் காட்டும்; சரக்கின் குணத்தைக் காட்டாது. 2020இல் அமெரிக்க சோலார்விண்ட்ஸ் கம்பெனியின் புரோகிராமில் கள்ளர்கள் நுழைத்த பகுதி, அக்கம்பெனியின் சொந்த முத்திரையுடனேயே வெளியே போயிற்று. அன்றியும், ஒருவர் தம் கம்ப்யூட்டரில் தாமே செய்துகொண்ட சான்றுக்கு வேறெவரும் ஜாமீன் இல்லை.

2. சாவி களவுபோனால் முத்திரையும் களவுபோனதே. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நாசப் புரோகிராம், தைவான் கம்பெனிகள் இரண்டின் களவுபோன சான்றுகளுடன் உலாவியது. ஆதலால் 2023 ஜூன் 1 முதல், பொதுச் சான்று நிறுவனங்கள் புதிதாக வழங்கும் சான்றின் சாவி அதற்கென்று உள்ள காப்புக் கருவியில்தான் இருக்க வேண்டும் என்று விதித்துள்ளார்கள்.

3. அக்சஸ் புரோகிராமைப் பொட்டலமாகக் கட்டி முத்திரையிட்டால், முத்திரை பொட்டலத்துக்கே. பிரித்து வெளியே எடுத்தபின் இரண்டுக்கும் தொடர்பில்லை. அதற்குமேல் காவல் நம்முடையது.

ஆகவே, புரோகிராம் வாங்கும்போது முத்திரையில் உள்ள பெயரைப் படியுங்கள். அது நமக்கு விற்றவரின் பெயர்தானா, எந்த நிறுவனம் சான்றளித்தது, முத்திரையிட்ட தேதி பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். தேதி முறைப்படி பதிவாகியிருந்தால், சான்றின் தவணை முடிந்தபின்னும் முத்திரை செல்லும். பிரிக்காத பொட்டலம் ஒன்றைத் தனியே பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் வந்தால் ஒப்பிட அதுவே ஆதாரம்.

நம் கணக்கில் உள்ள தொகையை நம்பித்தான் தொழிலாளி சம்பளத்தன்று பணத்தை எண்ணி வைக்கிறார். அந்தக் கணக்கு நம்மிடம் உள்ள அமானிதம்.